குழி எவ்வளவு அகலம், சார்?

"அக்கா, இந்தப் பிள்ளைய என்ன செய்ய?"

வேதமாணிக்கம் சார் விடைத்தாளை நீட்டினார். தாளின் தலையில் சிவப்பு மையில் பெரிய முட்டை ஒன்று போட்டிருந்தது.

அக்கா தாளை வாங்கவில்லை. அவர் கையில் சைக்கிள் பம்பு இருந்தது. மடியில் காற்றுப் போன கால்பந்து.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். மலையடிவாரத்தில் இருந்த அந்தப் பள்ளிக்கூடத்தில் தலைமைக்கு யார் வந்தாலும் அவர் எல்லாருக்கும் அக்காதான். இப்போதைய அக்கா செண்பகவல்லிக்கு வயது முப்பது சொச்சம். வேதமாணிக்கம் சாருக்கு ஐம்பது தாண்டி, மூட்டுவலியும் வந்தாயிற்று. ஆனாலும் அவரும் அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும். வந்த புதிதில் அந்த வார்த்தை மனுஷனுக்குத் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. இப்போது பழகிவிட்டது. மண்டையைப் பிய்த்துக்கொள்ளும்படி ஏதாவது வந்தால் கால் தானாக அக்காவிடம்தான் போகிறது.

"யாரு?" என்றார் அக்கா.

"இசக்கி. ஆறாங்கிளாஸ்."

"என்ன எழுதியிருக்கா?"

"பதில் எழுதச் சொன்னா கேள்வி எழுதியிருக்கா. நாலு கேள்விக்கு நாலு கேள்வி. என்னையே திருப்பிக் கேக்கா."

அக்கா பம்பை அவர் கையில் கொடுத்தார்.

"அடிங்க."

சார் தாளைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு அடித்தார். கொஞ்ச நேரம் அடித்தார். கை வலித்தது.

"எத்தனை அடி அடிக்கணும் அக்கா?"

"பந்துகிட்ட கேளுங்க."

சார் குனிந்து பந்தைக் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்தார். அமுங்கியது. இன்னும் கொஞ்சம் அடித்தார். மறுபடி அமுக்கினார். அமுங்கவில்லை. நிறுத்திக்கொண்டார்.

"இப்ப தாளைக் குடுங்க," என்றார் அக்கா.

*

இந்த வினை வருஷத் தொடக்கத்திலேயே ஆரம்பித்தது.

எண் என்பது கணக்குப் பீரியடில் மட்டும் இருக்கிற சமாச்சாரம் இல்லை, தோட்டத்திலும் பாட்டிலும் வரலாற்றிலும் விளையாட்டிலும் அது இருக்கிறது, எல்லா வாத்தியாரும் அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று அக்கா சொல்லியிருந்தார். பிள்ளைகளுக்கு அது வருகிறதா இல்லையா என்று சோதித்துப் பார்க்கிற பொறுப்பு வேதமாணிக்கம் சாருக்கு.

மற்ற வாத்தியார்கள் முகத்தைச் சுளித்தார்கள். "எங்க வேலையே எங்களுக்குத் தலைக்கு மேல கிடக்கு. கணக்கு உங்க பாடு," என்றார் பாட்டு சார்.

சார் சளைத்த ஆள் இல்லை. யாரையும் தொந்தரவு செய்யாமல், யார் வகுப்புக்கும் போகாமல், தன் மேஜையில் உட்கார்ந்தபடியே காரியத்தை முடித்துவிட்டார். ஒரே தாள். தோட்டத்துக்கு ஒரு கேள்வி, பாட்டுக்கு ஒன்று, வரலாற்றுக்கு ஒன்று, விளையாட்டுக்கு ஒன்று. அந்தத் தாளைப் பார்க்கப் பார்க்க அவருக்கே பெருமை தாங்கவில்லை. பரீட்சையன்றிலிருந்து தினமும் இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

பிள்ளைகள் வெளுத்துக் கட்டிவிட்டார்கள். ஆறாம் வகுப்பு மொத்தமும் நூற்றுக்கு நூறு.

இசக்கி மட்டும் முட்டை.

எண்ணில் தேறாத பிள்ளை அதே வகுப்பில்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டவர் சாரேதான். இசக்கி போன வருஷம் அம்மை போட்டுப் பரீட்சை எழுதவில்லை. அதனால் ஏற்கெனவே ஒரு வருஷம் நின்றவள். இந்த வருஷமும் நின்றால், ஐந்தாம் வகுப்பில் இருக்கிற அவள் தங்கச்சி பேச்சியம்மா மேலே ஏறி வந்து அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவாள். அக்காளும் தங்கச்சியும் ஒரே பெஞ்சில். அப்படி ஒன்று நடந்தால் பள்ளிக்கூடத்துப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று இசக்கி சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள் அவள்.

சாருக்கு அந்தப் பிள்ளையைப் பிடிக்கும். அதனால்தான் அவருக்குக் காலையிலிருந்து காப்பி இறங்கவில்லை. மறுநாள் காலையில் பிரேயரில் முடிவைச் சொல்ல வேண்டும்.

*

அக்கா தாளைச் சத்தமாக வாசித்தார்.

"இரண்டு பேர் ஒரு தென்னங்குழியை நான்கு மணி நேரத்தில் தோண்டுவர். பதினாறு பேர் தோண்டினால் எவ்வளவு நேரம் ஆகும்?"

"அரை மணி நேரம்," என்றார் சார், பழக்க தோஷத்தில்.

"இசக்கி எழுதியிருக்கா: குழி எவ்வளவு அகலம், சார்?"

சார் பெருமூச்சு விட்டார்.

"நான்கு பேர் ஒரு பாட்டை மூன்று நிமிடத்தில் பாடுவர். எட்டுப் பேர் பாடினால்?"

"ஒன்றரை நிமிஷம்."

"இசக்கி: சேர்ந்து பாடணுமா சார், பங்கு போட்டுப் பாடணுமா?"

அக்காவின் உதடு லேசாகத் துடித்தது. அடக்கிக்கொண்டார்.

"ஒரு ராஜா மூன்று ஆண்டில் இரண்டு நாடுகளைப் பிடித்தார். அறுபது ஆண்டில் எத்தனை நாடுகளைப் பிடிப்பார்?"

"நாற்பது."

"ராஜாவுக்கு அப்ப என்ன வயசு, சார்?"

"பாருங்க அக்கா, எவ்வளவு வாய்."

"ஒருவர் நூறு மீட்டரைப் பதினைந்து விநாடியில் ஓடுவார். ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் ஓடுவார்?"

"இருபத்து நாலு கிலோமீட்டர்."

"நடுவுல தண்ணி குடிக்கலாமா, சார்?"

அக்கா தாளை மடித்தார்.

"நல்லா இருக்கு."

"எது அக்கா?"

"நாலும். பதில் எழுதுங்க."

"யாரு?"

"நீங்கதான். கேள்வி உங்களுக்குத்தான வந்திருக்கு?"

சார் தன் மேஜையைப் பார்க்கத் திரும்பினார்.

"மேஜையில உக்காந்து எழுதப்படாது," என்றார் அக்கா. "போய்ப் பாத்து எழுதணும்." தாளை அவரிடமே கொடுத்துவிட்டு, பந்தை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார்.

*

முட்டை போட்டவன் முட்டை வாங்கியவளுக்குப் பரீட்சை எழுத வேண்டுமாம். ஊர் உலகத்தில் இல்லாத அநியாயம். முணுமுணுத்துக்கொண்டேதான் சார் தோட்டத்துக்குப் போனார்.

தோட்ட டீச்சர் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துத் தென்னைக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், இந்தக் குழி எவ்வளவு அகலம்?"

"மூணு அடி. ஏன் சார், விழப் போறீயளா?"

சார் குனிந்து பார்த்தார். குழிக்குள் இரண்டு பையன்கள் மண்வெட்டியோடு நின்றார்கள். மூன்றாவது ஆளுக்கு இடம் இருந்தது. நான்காவது ஆளுக்கு மனசு வைத்தால் இருந்தது.

"பதினாறு பேர் இறங்குங்க," என்றார் சார்.

பிள்ளைகள் அவரை ஒரு மாதிரி பார்த்தார்கள். ஆனால் குழிக்குள் குதி என்று ஒரு வாத்தியார் சொல்லி, மாட்டேன் என்று சொல்ல எந்தப் பிள்ளைக்கு மனசு வரும்? தொபுதொபுவென்று குதித்தார்கள். ஐந்தாவது ஆள் நான்காவது ஆளின் காலில் நின்றான். எட்டாவது ஆள் யார் தோளிலோ நின்றான். கூட்டம் வழிந்து மேலே வந்துவிட்டது. மண்வெட்டி மட்டும் எங்கே போனது என்று தெரியவில்லை.

"ம், தோண்டுங்க."

"மூச்சே விட முடியல சார்," என்று எங்கோ அடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

கையைப் பிடித்துத் தூக்கிவிடக் குனிந்த சாரையும் யாரோ இழுத்துவிட்டார்கள். யார் என்று கடைசிவரை தெரியவில்லை. தோட்ட டீச்சர் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மேலே வந்தபோது சாருடைய இஸ்திரிச் சட்டையில் இஸ்திரியைத் தவிர எல்லாம் இருந்தது.

மண்ணைத் தட்டிக்கொண்டே அவர் பக்கத்தில் நின்ற பையனைப் பிடித்தார்.

"ஏலே, நீ அரை மணி நேரம்னு எழுதின?"

"ஆமா சார்."

"தினமும் குழி வெட்டுற பயதான நீ?"

"ஆமா சார்."

"பதினாறு பேர் இதுல நிக்க முடியாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும் சார்."

"பொறவு ஏம்லே அப்படி எழுதின?"

"நீங்க கணக்குத்தான சார் கேட்டீய. குழியப் பத்தியா கேட்டீய?"

சார் சட்டைப் பையில் கிடந்த தாளை விரித்தார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து இசக்கியின் முதல் கேள்விக்குக் கீழே எழுதினார்: மூன்று அடி.

*

பாட்டு வகுப்பில் எட்டுப் பேரை நிறுத்தினார். மலை ஏறுகிற மாட்டு வண்டியைப் பற்றி அந்தப் பள்ளியில் எல்லாருக்கும் தெரிந்த பாட்டு ஒன்று உண்டு. ஏறுகிற வண்டி ஆகையால் மெதுவாகத்தான் போகும்.

முதலில் நாலு பேர் பாடினார்கள். மூன்று நிமிஷம்.

எட்டுப் பேர் பாடினார்கள். அதே மூன்று நிமிஷம்.

"ஒன்றரை நிமிஷத்துல முடியுங்க," என்றார் சார்.

பாட்டு சார் புருவத்தைத் தூக்கினார். பிள்ளைகளுக்குச் சொல்லவா வேண்டும்? பிடித்தார்கள் வேகத்தை. மாடு தலைதெறிக்க ஓடியது. இரண்டாவது அடியிலேயே வண்டிக்காரன் காணாமல் போனான். நாலாவது அடியில் நாக்குக் குழறி, ஒருத்தி ஒரு வரியும் இன்னொருத்தி வேறு வரியும் பாட, வண்டி பாட்டோடு சேர்ந்து பள்ளத்தில் விழுந்தது. பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். சாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ நாள் ஆகிறது என்று பாட்டு சார் அப்புறம் சொன்னார்.

"பதினாறு பேர்னா சார்?" என்று ஒரு பெண் ஆசையாகக் கேட்டாள்.

பாட்டு சார் ஆர்மோனியத்தை மூடிவிட்டார்.

"சரி, மெதுவாவே பாடுங்க. நானும் தாளம் போடுதேன்," என்றார் சார்.

போட்டார். போட்டுப் பார்த்தால்தான் தெரிகிறது. வண்டி ஒரு பக்கம் போக அவர் கை ஒரு பக்கம் போனது.

"எண்ணணும் சார்," என்றாள் அந்தப் பெண். "ஏழு எண்ணணும். நீங்க எட்டு போடுதீய."

"இதுல ஏழா இருக்கு?"

"எங்களுக்கு அது அப்பவே தெரியும். நீங்க வந்தாத்தான சொல்ல?" என்றார் பாட்டு சார். அதில் கோபம் ஒன்றும் இல்லை.

சார் எண்ணினார். மூன்றாவது தடவை கை சரியாக வந்து விழுந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். காது மடல் சிவந்துபோய், அவர் இரண்டாவது கேள்விக்குக் கீழே எழுதினார்: சேர்ந்து.

*

கணக்கைக் கேட்டதுமே வரலாற்று டீச்சர் கேட்டார், "எந்த ராஜா?"

"சும்மா ஒரு ராஜா."

"சும்மா ஒரு ராஜா எப்படி சார் நாடு பிடிப்பாரு? எந்த ஊரு? யாரு மேல படை எடுத்தாரு? மழைக்காலத்துல போனாரா, அறுப்பு முடிஞ்சு போனாரா?"

"மூணு வருஷத்துல ரெண்டு நாடு பிடிச்சாரு டீச்சர். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"அறுபது வருஷம் வரைக்கும் பிடிச்சுக்கிட்டே இருப்பாரா?"

"கணக்குப்படி."

"இருபது வயசுல பட்டம் கட்டியிருந்தாலும் எண்பது வந்துரும். குதிரை மேல ஏத்திவிடவே நாலு ஆள் வேணும். இறக்கிவிட அஞ்சு பேர்." டீச்சர் சுவரில் இருந்த வரைபடத்தைக் காட்டினார். "தெக்க இவ்வளவு தூரம் வந்துட்டா பொறவு கடலு. நாப்பதாவது நாட்டுக்கு மீனோடயா சண்டை போடுவாரு?"

சார் வரைபடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை வருஷமாக வாசலோடு போய்க்கொண்டிருந்த அறை அது. உள்ளே இவ்வளவு பெரிய கடல் இருப்பது அவருக்குத் தெரியாது.

எண்பது, என்று எழுதினார்.

*

நான்காவது கேள்விக்கு யாரைக் கேட்பது? விளையாட்டு சார் லீவு.

வெயில் தாழ்ந்துவிட்டது. சார் மைதானத்துக்கு வந்தார். மைதானத்துக் குழாயடியில் இசக்கி உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். பக்கத்தில் பேச்சியம்மா. அக்காளைத் தேற்றுகிறேன் என்று, "நான் வேணா வேற பெஞ்சில உக்காருதேன்," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்கு அவள் முதுகில் ஒன்று விழுந்தது.

சாரைக் கண்டதும் இருவரும் எழுந்தார்கள்.

"ஏட்டி இசக்கி, பரீட்சையில கையத் தூக்கிக்கிட்டே இருந்தியே, என்னத்துக்கு?"

இசக்கி தரையைப் பார்த்தாள்.

"குழி அகலம் கேக்கத்தான் சார். பரீட்சையில பேசப்படாதுன்னீய. அதான் எழுதிக் கேட்டேன்."

"எழுதிக் கேட்டியா?"

"நீங்க பதில் சொல்லுவீயன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். மணி அடிச்சிட்டு."

சார் தாளை வெளியே எடுத்தார். பரீட்சை முழுக்க அந்தப் பிள்ளை அவரையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. தான் அசந்தால் காப்பியடிக்கப் பார்க்கிறாள் என்று நினைத்து, முறைத்து வேறு வைத்தார். நினைக்க நினைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

அங்கேயே குழாய்த் திட்டில் தாளை வைத்து, நான்காவது கேள்விக்குக் கீழே எழுதினார்: குடிக்கலாம்.

தாளை அவளிடம் நீட்டினார்.

இசக்கி வாசித்தாள். மூன்று அடி. சேர்ந்து. எண்பது. குடிக்கலாம். வாசிக்க வாசிக்க அவள் முகம் விரிந்தது.

"பேனா குடுங்க சார்."

சிவப்புப் பேனாவையே கொடுத்தார். அவள் திட்டில் குப்புறக் கவிழ்ந்து எழுதினாள். பேச்சியம்மா எட்டிப் பார்த்து இன்னொரு அடி வாங்கினாள். பந்தும் கையுமாக அக்கா எப்போது வந்து நின்றார் என்று யாரும் கவனிக்கவில்லை.

சார் தாளை வாங்கி வாசித்தார்.

'மூணு அடின்னா ரெண்டு பேருதான் நின்னு வெட்ட முடியும். ஆனா பதினாறு பேர் மாத்தி மாத்தி இறங்கினா யாருக்கும் களைப்பு வராது. மூணு மணி நேரத்துல முடிச்சிரலாம்.'

'மூணு நிமிஷம்தான். சத்தம் மட்டும் கூடும்.'

'முதல் இருபது வருஷம்தான் ராஜா சண்டைக்குப் போவாரு. பதிமூணு நாடு. பதினாலாவது நாட்டுக்குப் பாதி தூரம்கூடப் போகாம திரும்பிருவாரு.'

சார் மனசுக்குள் போட்டுப் பார்த்தார். இருபது ஆண்டுக்குப் பதிமூன்றும் மூன்றில் ஒரு பங்கும். பாதிகூட இல்லைதான். பின்னம் வராத பிள்ளை என்று அவர் முடிவு கட்டி வைத்திருந்த பிள்ளை இது.

'தண்ணி குடிக்கலாம்னா பன்னெண்டு கிலோமீட்டர்.'

"பன்னெண்டு எப்படிட்டி வந்துச்சு?"

"நூறு மீட்டர் ஓடுற வேகத்துல ஒரு மணி நேரம் யாராலயும் ஓட முடியாது சார். மூச்சு வாங்கும். நடப்பாங்க, குடிப்பாங்க, திருப்பி ஓடுவாங்க. அதான் பாதின்னு வச்சேன்."

சார் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். மண்ணாகிக் கிடந்த அந்தச் சட்டைக்கு இப்போதுதான் ஒரு களை வந்தது.

"போய் ஏழாங்கிளாஸ்ல உக்காருட்டி. காலையில பிரேயர்ல நானே சொல்லுதேன்."

இசக்கி நம்பாமல் அக்காவைப் பார்த்தாள். அக்கா தலையை ஆட்டினார். அவ்வளவுதான், பேச்சியம்மா போட்ட கூச்சலில் வேப்பமரத்துக் காக்கை அத்தனையும் கிளம்பிவிட்டன. அக்காளும் தங்கச்சியும் கையைக் கோத்துக்கொண்டு சுற்றினார்கள். தோட்டத்திலிருந்தும் பாட்டு வகுப்பிலிருந்தும் பிள்ளைகள் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்கள்.

சுற்றிக் களைத்து நின்ற இசக்கி கேட்டாள், "மார்க்கு எவ்வளவு சார்?"

முதல் மூன்றுக்கும் சார் உடனே போட்டுவிடுவார். நான்காவது இடித்தது.

"அக்கா, பன்னெண்டு சரியா தப்பா? என் விடைக் குறிப்புல இருபத்து நாலுன்னு இருக்கு. அது தப்புன்னு இப்பத் தெரியுது. ஆனா சரி எதுன்னு எனக்குத் தெரியல."

அக்கா கையிலிருந்த பந்தைக் கட்டை விரலால் ஒருமுறை அமுக்கினார். அவ்வளவுதான்.

சார் மைதானத்தைப் பார்த்தார். தன் மூட்டைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பேண்ட்டை முழங்கால் வரை மடித்து விட்டார். கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பேச்சியம்மாவிடம் கொடுத்தார்.

ஓடினார்.

பிள்ளைகள் மைதானம் அதிரக் கத்தினார்கள். பாட்டு சார் தூணைத் தட்டித் தாளம் போட்டார். முதல் வளைவில் சார் மான் போலப் போனார். இரண்டாவது வளைவில் மாட்டு வண்டி போல வந்தார். ஒரு சுற்று முடிந்து குழாயடிக்கு வந்தபோது அவருக்கு வாயால் மூச்சு, மூக்கால் மூச்சு, முகமெல்லாம் சிரிப்பு.

இசக்கி ஒரு தம்ளர் தண்ணீரோடு கோட்டின் மேல் நின்றுகொண்டிருந்தாள்.

சார் தயங்கி அக்காவைப் பார்த்தார்.

"குடிங்க சார்," என்றாள் இசக்கி. "குடிக்கலாம்னு நீங்கதான எழுதியிருக்கீய."